கரண்ட் பெஞ்சு

ஒரு சொம்பு வெந்நீருக்கு அரை ஸ்பூன் கல்லுப்பு போதும். நாலாக மடித்த பருத்தித் துணியை அதில் முக்கிப் பிழிந்து, ரப்பர் பட்டைக்கு அடியில் வைத்துக் கட்ட வேண்டும். வெறும் குழாய்த் தண்ணீரில் நனைத்தாலும் கரண்ட் போகும். ஆனால் தோலில் சுருக்கென்று குத்தும். குத்தினால் ஆள் குத்துவதைத்தான் கவனிப்பான், சதை ஆடுவதைக் கவனிக்க மாட்டான். தேனியில் இரண்டு வருடம் படித்தபோது இதை யாரும் சொல்லித்தரவில்லை. நானாகப் பழகிக்கொண்டது.

பெயர், வயது, வேலை கேட்டீர்கள் சார். பாண்டீஸ்வரன். நாற்பத்துமூன்று. ஏலப்பாறைக்கு மேலே, நீங்கள் ஜீப்பில் வந்து பார்த்த அதே தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் பதினேழு வருடமாக பிசியோதெரபி டெக்னீஷியன். டெக்னீஷியன் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். லயத்து ஜனங்கள் 'கரண்ட் சார்' என்பார்கள். சில கிழவிகள் டாக்டர் என்றே சொல்வார்கள். நான் திருத்தியதில்லை. திருத்தினாலும் மண்டையில் ஏறாது.

நானும் அந்த லயத்தில் பிறந்தவன்தான். மூன்றாம் டிவிஷன், ஒற்றை அறை, பின்னால் அடுப்படி, ஆறு பேர். அப்பா கொழுந்து மூட்டையை லாரியில் ஏற்றுகிற ஆள். அம்மா கொழுந்து எடுத்தவள். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் காட்டுக்குப் போனாள். இடுப்பில் கட்டிய துணியில் ரத்தம் கசிந்ததைப் பார்த்திருக்கிறேன். சாகும்வரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்கள் இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. முடியாமல் இருப்பது எப்படி இருக்கும், முடியவில்லை என்று சொல்லித் திரிவது எப்படி இருக்கும், இரண்டும் எனக்குப் பார்த்துப் பழக்கம் என்பதற்காகச் சொல்கிறேன்.

டிஸ்பென்சரிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டாவது ரகம். முழங்கால் வலி என்று வருவார்கள். தினமும் காலை நீட்டி இருபது தடவை மடக்கு என்று சொன்னால், வீட்டைக் காலி செய்யச் சொன்னதுபோல் முகம் போகும்.

"அதுக்கு எதுக்கு சார் இம்புட்டுத் தூரம் ஏறி வரணும். கரண்ட வைங்க."

வைத்தால், "இன்னும் கொஞ்சம் கூட்டுங்க சார், ஒறைக்கவே இல்ல" என்பார்கள். குழம்புக்கு மிளகாய்ப் பொடி கேட்பதுபோல. எவ்வளவு குத்துகிறதோ அவ்வளவு குணம் என்று அவர்கள் நினைப்பு. பல நாள் நான் குமிழைச் சும்மா தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். "ஆங், இப்பத்தான் சார் நரம்புக்குள்ள போகுது" என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். இப்படிப்பட்ட ஜனத்தோடு பதினேழு வருடம்.

பெஞ்சு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அதை ஏதோ நானும் மானேஜ்மென்டும் சேர்ந்து செய்த சதி மாதிரி பேப்பரில் எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லை.

காலையில் மஸ்டர் ஷெட்டில் பெயர் வாசித்து, யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். உடம்புக்கு முடியாதவர்கள் லைட் வேலை கேட்கலாம். கிரஷ்ஷில் பிள்ளை பார்ப்பது, நாற்றங்காலில் மண் பை நிரப்புவது, பேக்டரி முற்றம் கூட்டுவது. எட்டு இடம் இருக்கும். கேட்பது நாற்பது பேர். திங்கட்கிழமை தோறும் சண்டை. யூனியன் கன்வீனர் செல்லத்துரை அவருடைய ஆட்களுக்காகக் கத்துவார். அசிஸ்டென்ட் மானேஜர் ஜின்சன் சார், முப்பது வயதுப் பையன், பாலா ஊர் மலையாளி, தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார்.

நாலு வருடத்துக்கு முன்னால் லோடர் ஜெகன் வலது கையைத் தூக்க முடியவில்லை என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜின்சன் சார் என்னைக் கூப்பிட்டு மிஷினை மஸ்டர் ஷெட்டுக்கே எடுத்து வரச் சொன்னார். அங்கே ஒரு மர பெஞ்சு கிடந்தது. நூற்றிருபது பேர் பார்க்க அவனை அதில் உட்கார வைத்துத் தோளில் பட்டையைக் கட்டினேன். குமிழைப் பாதி திருப்புவதற்குள், "ஏ அப்பா, கொல்றான்டா" என்று துள்ளி எழுந்து, தூக்க முடியாத அதே கையால் பட்டையைப் பிய்த்து எறிந்தான். ஷெட்டே சிரித்தது. ஜெகனும் கடைசியில் சிரித்துவிட்டான்.

செல்லத்துரைதான் சொன்னார். "மனுசன் பொய் சொல்லுவான். கரண்ட் பொய் சொல்லாது சார். இனிமே இதையே வச்சுருங்க. எனக்கும் தொண்டத் தண்ணி மிச்சம்."

அன்றிலிருந்து லைட் வேலை கேட்கிறவர் யாராக இருந்தாலும் திங்கட்கிழமை அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும். கை கால் ஆடினால் காட்டுக்கு. ஆடாவிட்டால் லைட் வேலை. பெஞ்சுக்குப் பயந்து, கேட்கிறவர்கள் மாதத்துக்கு ஒருவர் என்று குறைந்துபோனார்கள். இதை அதிகம் விரும்பியது பெண்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு உண்மையிலேயே நோவா, நடிக்கிறாளா என்ற கேள்வி இல்லாமல் லயத்தில் யாருக்கும் சோறு இறங்காது. யாராவது உட்காருகிற திங்கட்கிழமை அதற்குக் கண்ணெதிரே விடை கிடைத்தது. சீக்கிரம் வந்து முன்வரிசையில் நிற்பார்கள். சிலர் போனில் வீடியோ எடுப்பார்கள்.

இதில் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. வலி இருக்கிறதா இல்லையா என்று அந்த மிஷினால் பார்க்க முடியாது. அப்படி ஒரு மிஷின் இன்னும் வரவில்லை. முழங்கால் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறவளுக்கும் தொடைச் சதை ஆடும். தண்டுவடத் தட்டு பிதுங்கி நிமிர முடியாதவனுக்கும் ஆடும். நரம்பு உயிரோடு இருந்தால் ஆடும், அவ்வளவுதான். நாலு வருடத்தில் முப்பத்துநாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் ஆடியது. எல்லோரும் காட்டுக்குப் போனார்கள். அதில் எத்தனை பேருக்கு நிஜமாக வலித்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஜின்சன் சார் பி.எஸ்சி. படித்தவர், அவரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை இல்லை.

சரி, வேலுத்தாய்க்கு வருகிறேன்.

எங்கள் லயத்துக்கு எதிர் லயம். ஐம்பத்தேழு வயது. புருஷன் இல்லை. ஒரே மகள் ஆனந்தி, கட்டப்பனையில் பி.காம். கடைசி வருடம். வேலுத்தாய் ரிட்டையர் ஆக இன்னும் பதினொரு மாதம் இருந்தது. போன ஜூன் மழையில் வடிகாலில் வழுக்கி விழுந்து முழங்காலின் வெளிப்பக்கம் கல்லில் அடித்துக்கொண்டாள். வீக்கம்தான். டிஸ்பென்சரிக்கு வந்திருக்கலாம். இந்த ஜனம் எப்படியென்றால், எலும்பு என்றால் கம்பத்துக்கு இறங்கி வைத்தியரிடம் கட்டுப் போட்டால்தான் போட்ட மாதிரி இருக்கும். குமுளி போய் பஸ் ஏறி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கக் கட்டிக்கொண்டு வந்தாள். விரல் மரத்தது. மரத்தால் மருந்து பிடிக்கிறது என்று மூன்று வாரம் அவிழ்க்கவே இல்லை. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குமிழ் எலும்பு இருக்கிறது. பாதத்தைத் தூக்குகிற நரம்பு அதை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே போகிறது. கட்டு அதை நசுக்கிவிட்டது. அவிழ்த்தபோது பாதம் தொங்கியது.

பாதம் தொங்கினால் விரல் தரையில் இடிக்கும். இடிக்காமல் இருக்கத் தொடையை உயரத் தூக்கி வைத்து நடக்க வேண்டும். அவள் அப்படித்தான் நடந்தாள். லயத்துப் பிள்ளைகள் இரண்டே நாளில் அந்த நடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி, "ஏ கொக்கு, மீனு கெடச்சுச்சா" என்பாள். வேலுத்தாய், "கெடச்சா ஒனக்குத் தலையக் குடுக்கேன், வாய மூடு" என்பாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

லைட் வேலை கேட்டாள். கிரஷ்ஷில் ஒரு இடம் காலி இருந்தது. ஏன் அது அவளுக்கு அவ்வளவு முக்கியம் என்றால், வேலைக்குப் போகாவிட்டால் லயத்து வீடு கிடையாது. வீடு வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒருவர் பெயர் பதிய வேண்டும். அதாவது ஆனந்தி படிப்பை நிறுத்திக் கொழுந்து வெட்டுகிற கத்திரியைத் தூக்க வேண்டும். கிரஷ்ஷில் பதினொரு மாதம் உட்கார்ந்துவிட்டால் மகள் பரீட்சை எழுதிவிடுவாள். இதை வேலுத்தாய் ஒளித்து வைக்கவில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அதுதான் அவளுக்கு எதிராகப் போயிற்று. காரணத்தை முதலில் சொல்கிறவளுக்கு நோய் பின்னால் வரும் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்ட்டில் ஒரு திங்கட்கிழமை பெஞ்சில் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. புடவையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, "குளிருது தம்பி, தண்ணி வெந்நிதான" என்றாள். நான் ஒரு பட்டையை முழங்காலுக்குக் கீழேயும் இன்னொன்றைக் கெண்டைக்கு முன்பக்கமும் கட்டினேன். மிஷின் என் மடியில் இருந்தது. குமிழைக் கூட்டினேன்.

பாதம் எழுந்தது. தொங்கிக் கிடந்தது மெதுவாக மேலே வந்து, நின்று, இறங்கியது. மறுபடி வந்தது.

வேலுத்தாய் அதையே பார்த்தாள். பிறகு முத்துப்பேச்சியைத் திரும்பிப் பார்த்து, "ஏடி, ஆடுதுடி. எங் காலு ஆடுதுடி" என்றாள். சந்தோஷம் அவளுக்கு. ஏழு வாரமாகச் செத்துக் கிடந்த கால் பிழைத்துக்கொண்டது என்று நினைத்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஆடுற காலுதான் ஆத்தா" என்றாள் முத்துப்பேச்சி. "நாங்கெல்லாம் மாடு மாதிரி மலை ஏறணும். இவுக கிரஷ்ல உக்காந்து புள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடணுமாக்கும்."

"இல்லடி, நானாத் தூக்குனா வரமாட்டேங்குது. சத்தியமாடி."

"கரண்டு சொன்னா தூக்குது, நீ சொன்னா தூக்காதா. என்ன, கரண்டுக்கு வாக்கப்பட்ட காலா."

அதற்கு ஷெட் முழுக்கச் சிரிப்பு. ஜின்சன் சார் மட்டும் என் பக்கம் குனிந்து, "பாண்டி, கால் நல்லாத்தானே உண்டு. பின்னே எந்தா பிரச்சனை" என்று கேட்டார். நான், "பார்த்தீங்கல்ல சார்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். செல்லத்துரை புஸ்தகத்தில் அவள் பெயருக்கு நேரே ஒன்பதாம் நம்பர் காடு என்று போடச் சொன்னார். யூனியன் கன்வீனர். அவரிடமும் நீங்கள் விசாரிக்கலாம், வருத்தப்படுவார். வருத்தப்படுவது அவர் தொழில்.

வியாழக்கிழமை மத்தியானம் வேலுத்தாய் டிஸ்பென்சரிக்கு வந்தாள். கத்திரி பிடித்த கையில் பச்சைக் கறை. என் முன்னால் ஸ்டூலில் உட்காராமல் நின்றாள்.

"தம்பி, ஒன்னய ஒண்ணு கேக்கலாமா."

"கேளுங்கக்கா."

"காலு நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் பாத்தாக. நானும் பாத்தேன். ஆனா நாஞ் சொன்னா கேக்க மாட்டேங்குது. அப்படின்னா நாந்தான் தூக்காம இருக்கேன் போலருக்கு. எனக்கே தெரியாம ஏமாத்துறேனோ என்னமோ." காலைக் குனிந்து பார்த்து, "மனசுக்கு வைக்கிற கரண்ட் ஏதும் இருக்கா" என்றாள்.

சார், எனக்கு எரிச்சல் வந்தது. ஐம்பத்தேழு வயது, நாற்பது வருடம் அந்தக் காலில் நின்று வேலை செய்தவள். அந்தக் காலைப் பற்றி அவளைவிட வேறு யாருக்குத் தெரியும். ஒரு பெட்டியும் இரண்டு ஒயரும் ஒன்று சொன்னதும் சொந்தக் காலைச் சந்தேகப்படுகிறாள். இவர்களை யார் என்ன செய்தாலும் தகும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அதை மறைக்கவில்லை.

"அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் தூக்கு, தூக்குன்னு காலுக்குச் சொல்லிக்கிட்டே நடங்க. பழகிரும்" என்றேன்.

"சரிப்பா" என்று போனாள்.

அப்படியே செய்தாள். மூன்று வாரம் அவள் வாய் ஓயவில்லை. லயத்துப் படியில் ஏறும்போது, தண்ணீர்க் குடம் எடுக்கும்போது, காட்டுக்குப் போகும்போது. பிள்ளைகள் கொக்கு நடையை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் பதினொன்றாம் தேதி காலை பதினொன்றரைக்கு, எடை போடுகிற இடத்துக்குக் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்பதாம் நம்பர் காட்டிலிருந்து இறங்கினாள். அந்த இடத்தில் பாதை ஒரு ஆள் நடக்கிற அகலம். ஒரு பக்கம் செடி, இன்னொரு பக்கம் ரோட்டுக்கு மேல் கல்கட்டு, இரண்டாள் உயரம். தலையில் மூட்டை இருந்தால் கால் எங்கே வைக்கிறோம் என்று பார்க்க முடியாது, காலே பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் காலால் பார்க்க முடியாது. விரல் ஒரு தேயிலை வேரில் மாட்டியது. பின்னால் வந்த முத்துப்பேச்சி உங்களிடம் சொல்லியிருக்கிறாள், தூக்கு தூக்கு என்று சொல்லிக்கொண்டே போனாள் என்று. ரோட்டில் விழுந்தாள். ஜீப்பில் ஏற்றினார்கள். குட்டிக்கானம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் அடக்கத்துக்குப் போனேன். அந்தத் திங்கட்கிழமை அதிகம் கேலி செய்த முத்துப்பேச்சிதான் அன்றைக்கு அதிகம் அழுதாள். தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். எனக்கு ஆச்சரியமில்லை. முன்வரிசையில் நின்று சிரிப்பதும், முன்வரிசையில் நின்று அழுவதும் அவர்களுக்கு ஒரே கைவேலை. அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஆனந்தி படிப்பை நிறுத்திவிட்டுப் பெயர் பதிந்தாள். இப்போது மூன்றாம் டிவிஷனில் கத்திரி பிடிக்கிறாள். வீடு போகவில்லை. வேலுத்தாய் லைட் வேலை கேட்டதே வீடு போகக் கூடாது என்றுதான். அந்த வகையில் பார்த்தால் பெரிதாக எதுவும் குறையவில்லை. இதைச் சொன்னபோது உங்கள் லேடி கான்ஸ்டபிள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கணக்காகப் பேசுகிறேன், அவ்வளவுதான்.

பிறகு அந்த வீடியோ. வேலுத்தாய் பெஞ்சில் உட்கார்ந்ததை யாரோ எடுத்தது, யூனியன் வாட்ஸாப் குரூப்பில் சிரிப்புப் படத்தோடு சுற்றியது. ஆனந்தி அதை அழிக்காமல் வைத்திருந்தாள். அம்மா பேசுகிற வீடியோ வேறு எதுவும் இல்லையாம். கட்டப்பனையில் அவளோடு படித்தவளின் அக்கா, ஜிஸ்மி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். இருபத்தாறு வயது. மலையேறி ஒரு நாள் கொழுந்து எடுத்திருக்க மாட்டாள். அவளிடம் ஆனந்தி வீடியோவை எதற்கோ காட்டியிருக்கிறாள். ஜிஸ்மி நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, இது செத்த நரம்பு என்று சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னது சரிதான். மிஷினில் இரண்டு வகைக் கரண்ட் உண்டு, அதற்கென்று தனியாக இருக்கிற ஒரு குமிழில் மாற்றிக்கொள்ளலாம். ஒன்று ஃபாரடிக். சின்னச் சின்னத் துடிப்பாக, வேகமாகப் போகும். அது நரம்பைத் தட்டும், நரம்பு சதையை ஆட்டும். நரம்பு செத்திருந்தால் எவ்வளவு கூட்டினாலும் சதை கட்டைபோல் கிடக்கும். இன்னொன்று கால்வானிக். துடிப்பு நீளம். அதற்கு நரம்பு வேண்டாம், சதையையே நேராக அசைத்துவிடும். உயிருள்ள சதை வெடுக்கென்று ஆடும். நரம்பு செத்த சதை மண்புழு சுருளுவதுபோல் மெதுவாக எழுந்து மெதுவாக இறங்கும். வீடியோவில் வேலுத்தாயின் பாதம் எழுந்ததும் அப்படித்தான். நூற்றிருபது பேர் பார்த்தார்கள். கால் எழுந்ததைத்தான் பார்த்தார்கள், எழுந்த விதத்தைப் பார்க்கவில்லை.

ஆனந்தி டிஸ்பென்சரிக்கு வந்தாள். அம்மா போலவே ஸ்டூலில் உட்காரவில்லை.

"மாமா, மிஷின்ல ரெண்டு கரண்ட் இருக்காமே."

"யாரு சொன்னா."

"இருக்கா, இல்லையா."

"இருக்கு."

"அன்னைக்கு எங்கம்மாவுக்கு எதை வச்சீங்க."

"ரெண்டும் கரண்டுதாம்மா."

அவள் மிஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தொடவில்லை. "எங்கம்மா சாகுற வரைக்கும் காலுகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் உங்கள் ஸ்டேஷனில் மனு.

வக்கீல் எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். அதற்கு முன்னால் யாருக்கோ கால்வானிக் வைத்திருந்தேன், குமிழ் அந்த இடத்திலேயே இருந்துவிட்டது, திங்கட்கிழமை அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஜின்சன் சாரும் அதையே விரும்புகிறார். எஸ்டேட்டுக்கும் அது நல்லது. கேட்கிறவர்கள் எல்லோரும் நம்புகிற மாதிரிதான் இருக்கிறது.

ஆனால் சனிக்கிழமை ஒன்று இருக்கிறதே சார்.

பெஞ்சில் உட்காருவதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை மத்தியானம், வேலுத்தாய் டிஸ்பென்சரிக்கு வந்தாள். எல்லோர் முன்னாலும் உட்காரக் கூச்சமாக இருக்கிறது, முதலில் நீ பார் என்றாள். பார்த்தேன். ஃபாரடிக் வைத்தேன், கடைசி வரை கூட்டினேன், ஒரு நூல் அசையவில்லை. கால்வானிக் வைத்தேன், புழுபோல் எழுந்தது. எல்லாம் புத்தகத்தில் போட்டிருக்கிறபடி. பதினேழு வருடத்தில் நான் பார்த்த முதல் சுத்தமான கேஸ். பாதத்தை ஏந்திப் பிடிக்க ஒரு பட்டையும், ஏழெட்டு மாதம் சமதரையும் கிடைத்தால் நரம்பு திரும்பி வளர்ந்திருக்கும். கிரஷ் சமதரைதான். அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. காலைத் துடைத்துவிட்டு, திங்கட்கிழமை பார்ப்போம் என்றேன்.

அவள் புடவையை இறக்கிவிட்டுக்கொண்டே பேசினாள். சும்மா, வாய் ஓயாமல் பேசுகிற பழக்கத்தில்.

"ஒங்கம்மா மாதிரி எனக்கு வைராக்கியம் கெடையாதுப்பா. நான் கேட்டு வாங்கிக்கிருவேன். ஆபரேசன் முடிஞ்சு அவ வந்தப்ப நானும் எம்புட்டோ சொன்னேன், கேளுடி, பழைய தொரை நல்ல மனுசன், கேட்டா லைட் வேல குடுத்துருவாருன்னு. அவ கேக்கல. கேட்டுருந்தா குடுத்துருப்பாக."

அவளுக்கு விவரம் தெரியாது. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் யாருக்கும் கொடுக்கவில்லை. என் அம்மா வேறு வழி இல்லாமல்தான் போனாள். அப்படித்தான் இருக்க வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் இதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். கோபம் ஒன்றும் இல்லை. ஒருத்தி கேட்டதும் கிடைத்துவிடும் என்றால், கேட்காமல் செத்தவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று ஆகிவிடும். அது நியாயமில்லை. அதை மட்டும்தான் யோசித்தேன்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். மலையாளத்தில் எழுதினாலும் எனக்குப் புரிகிறது. எல்லாம் சரி, ஒரு வார்த்தைதான் தப்பு. 'அசிரத்தையால்' என்று போட்டிருக்கிறீர்கள். அது அப்படியே இருந்தால் ஜாமீன் சுலபம் என்று வக்கீல் சொல்கிறார். அவருக்கு என் வேலை தெரியாது. நான் வேலையில் கவனம் பிசகியவன் என்று நாளைக்கு லயத்தில் முத்துப்பேச்சி பேசக் கூடாது, ஜெகன் சிரிக்கக் கூடாது. அன்று காலை ஷெட்டில் மிஷினை மடியில் வைத்தபோது குமிழ் ஃபாரடிக்கில்தான் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திருப்பினேன். அந்த வார்த்தையை அடித்துவிட்டு 'தெரிந்தே' என்று எழுதுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன்.